எங்க வீட்டுல ஒருத்தர்

அத்தியாயம் 11

அன்று காலை லேப் அக்கா டீயில் உப்பைப் போட்டாள்.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. சிரித்துவிட்டுக் கீழே கொட்டியிருப்பார்கள். ஆனால் இந்த வீட்டுச் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது, என்றைக்கு நிரப்பியது, யார் நிரப்பியது என்று மூன்று வரி எழுதியிருக்கும். கல்லூரி வேதியியல் லேபில் இருபத்திரண்டு வருடம் பாட்டில் பாட்டிலாக லேபிள் ஒட்டிய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவள் 'உப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதிய டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள் என்றால், அவள் மனசு அங்கே இல்லை என்று அர்த்தம்.

அதைவிட வேடிக்கை, அந்த டீயை அவள் கணவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ பிரமாதம்" என்றார்.

அவருக்குப் பத்து நாளாகவே தலைகால் புரியவில்லை. லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். மனைவியின் பையில் குடை தேடப்போனவர் பல்கலைக்கழகத்தின் முதுகலைக் கையேட்டைக் கண்டெடுத்ததும், வேதியியல் பக்கத்தின் மூலை மடித்திருப்பதைப் பார்த்ததும், "நம்ம பாப்பா எம்.எஸ்சி. படிக்கப் போறா!" என்று தெருமுனை டெய்லர் வரைக்கும் டமாரம் அடித்துவிட்டு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அந்தக் கையேடு மகளுக்காக வாங்கியது இல்லை. லேப் அக்கா தனக்காக வாங்கியது.

இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் கல்லூரிக்குப் போகிறேன் என்றால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம். அதற்கும் அடியில் இன்னொன்று. 'எனக்கு வேணும்' என்று அவள் எதையும் கேட்டுப் பழகியதே இல்லை. கடைக்குப் போனால்கூட, "வீட்டுக்கு ஒரு நல்ல செருப்பு பார்க்கணும்" என்பாள். வீடு செருப்பு போடாது என்று கடைக்காரருக்கும் தெரியும்.

"இன்னிக்குத்தானே கடைசி நாள்?" என்றார் மெக்கானிக். "அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்னு போட்டிருந்தது. எல்லாம் ரெடியா?"

"கடிதம் ஒண்ணுதான் பாக்கி. மேடம் இன்னிக்குத் தரேன்னு சொல்லியிருக்காங்க."

"பார்த்தியா பாப்பா? உங்கம்மா உனக்காக எப்படி ஓடறா பாரு."

பாப்பாவுக்கு வயது இருபத்தொன்று. இந்த வருடம் வேறொரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். உப்புக்காக மட்டும் இல்லை.

"என் கையைப் பாரு" என்று அப்பா இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். நகக்கண்ணில் கறுப்பாகக் கிரீஸ். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ். "உன் கையில இது படக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு ஆசை. நீ படி, படிச்சுக்கிட்டே இரு."

"சரிப்பா" என்று பாப்பா மென்று முழுங்கினாள்.

அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். மெக்கானிக் மட்டும் விசில் அடித்துக்கொண்டே வேனைக் கிளப்பினார். அன்றைக்கு அவருக்குக் கல்லூரியில்தான் வேலை. அறிவியல் கட்டட லிஃப்டுக்கு மாதாந்திர சர்வீஸ்.

*

கல்லூரியில் அவள் எல்லாருக்கும் அக்கா. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அக்கா, வாட்ச்மேனுக்கு அக்கா. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான வேதியியல் துறைத் தலைவி மேடத்துக்கும் அக்காதான்.

மூன்றாவது மாடி லேபில் காலை வகுப்புக்கு முப்பத்திரண்டு பியூரெட் கண்ணாடிக் குழாய் கழுவி, ஸ்டாண்டில் மாட்டி, கரைசல் கலக்கி, பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதலாண்டுப் பிள்ளைகள் உள்ளே வரும் முதல் நாள் அவள் ஒரு சின்னச் சொற்பொழிவு நடத்துவது வழக்கம். "லேபிள் இல்லாத பாட்டில் இருந்தா எடுத்துக்கிட்டு வந்து என்கிட்ட குடுங்க, நான் கொட்டிடறேன். அதைவிட மோசம் தப்பு லேபிள். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு இருந்தா அதுதான் ஆளைக் கொல்லும்." பிள்ளைகள் பயந்து தலையாட்டுவார்கள்.

பத்தரை மணிக்கு மேடம் வந்தார். கையில் நீளமான வெள்ளைக் கவர். ஒட்டிய இடத்தின் மேலே குறுக்காகக் கையெழுத்து.

"இந்தாங்க அக்கா. கவரை யாரும் பிரிக்கக்கூடாது, அப்படியே ஆபீஸ்ல குடுத்துடணும். ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் உங்க பொண்ணைப் பத்தி. நேத்து சாயங்காலம் பூரா இதே வேலைதான்."

லேப் அக்காவின் கை பாதியில் நின்றது.

தப்பு யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம். இரண்டு வாரம் முன்னால் மேடத்தின் அறை வாசலில் நின்று, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, இவள் கேட்ட வார்த்தை இதுதான்: "மேடம், எங்க வீட்டுல ஒருத்தர் எம்.எஸ்சி.க்குப் போடறாங்க. உங்ககிட்டேர்ந்து ஒரு கடிதம் கிடைச்சா நல்லாருக்கும்." எங்க வீட்டுல ஒருத்தர்! மேடம் வேறு யாரை நினைப்பார்? பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வந்து லேப் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் நினைத்தார்.

'இல்லை மேடம், எனக்கு.' மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது.

"ரொம்ப நன்றி மேடம்" என்றாள் லேப் அக்கா.

"நான் மூணு மணிக்குக் கிளம்பறேன். கருத்தரங்கு, ஒரு வாரம் இருக்க மாட்டேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

மேடம் போய்விட்டார். லேப் அக்கா கவரைப் பார்த்தபடி நின்றாள். வெளியே அவள் விண்ணப்பம், உள்ளே மகளின் புகழ். அசல் தப்பு லேபிள். இருபத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், கடைசியில் தானே அப்படி ஒரு பாட்டிலைத் தயார் செய்துவிட்டாள்.

'போகட்டும், இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. பி.எஸ்சி. முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறாள். இது இருபத்து நாலாவது தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அமிலப் புகை கண்ணில் பட்டது என்று பக்கத்தில் இருந்த மாணவியிடம் பூசி மெழுகினாள்.

*

மத்தியானம் ஒரு மணிக்குப் பாப்பா வந்தாள். அம்மா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொண்டு வந்திருந்தாள். டப்பா ஒரு சாக்கு. ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை வைத்துக்கொண்டாள்.

"ம்மா, ஒண்ணு சொல்லணும். அழக்கூடாது. கத்தவும் கூடாது."

"என்னடி, பயமுறுத்தறே?"

"எனக்கு எம்.எஸ்சி. வேண்டாம்மா."

லேப் அக்கா சாப்பாட்டு டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். மகள் கடகடவென்று கொட்டித் தீர்த்தாள்.

"நீ எனக்காக ஓடறே, அப்பா தெருவெல்லாம் சொல்லிட்டாரு, அந்த டெய்லர் என்னைப் பார்த்து 'வாங்க புரொபசர்'னு கூப்பிடறாரு. எனக்குப் பத்து நாளாத் தூக்கமே இல்லை. எனக்குப் படிச்சது போதும்மா. நான் வேற ஒண்ணுக்குப் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில இன்டர்வியூ."

"எதுக்கு?"

பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கம்பெனிக்கு. லிஃப்ட் டெக்னீஷியன் டிரெய்னி. எந்தப் பட்டம் இருந்தாலும் சரி, உயரத்துக்குப் பயப்படக்கூடாதுன்னு போட்டிருந்தாங்க. எனக்குப் பயமே கிடையாது, உனக்குத் தெரியும்ல? அப்பாகிட்டே மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கிரீஸ், கிரீஸ்னு புலம்புவாரு."

அம்மாவின் முகத்தில் என்னென்னவோ ஓடியது. பாப்பா அழுகைக்குத் தயாராகக் கைக்குட்டையை எடுத்தாள். ஆனால் லேப் அக்கா சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கீழே இருந்த ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேவிட்டாள்.

"ம்மா! என்னம்மா ஆச்சு?"

"யாருடி உன்னைப் படிக்கச் சொன்னா?"

"நீதானே? அந்தக் கையேடு..."

லேப் அக்கா எழுந்து மூலை அலமாரியைத் திறந்தாள். 'அபாயம், தொடாதீர்கள்' என்று அவளே எழுதி ஒட்டிய அலமாரி. அமில பாட்டில்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பச்சை நிற ஃபைலை வெளியே எடுத்தாள். உலகத்திலேயே யாரும் கை வைக்காத இடம் என்று பார்த்துத்தான் ஒளித்து வைத்திருந்தாள்.

பாப்பா பிரித்தாள். மாலை நேர எம்.எஸ்சி. வேதியியல். விண்ணப்பதாரர் புகைப்படம் என்ற கட்டத்தில், தலையைப் படிய வாரி, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது அம்மா.

"ம்மா!" அந்தக் குரலுக்கு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"கத்தக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

கடைசிப் பக்கத்தில், 'இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். கட்டுரை எழுதத் தெரியாதவள், தெரிந்த வடிவத்தில், லேப் ரெக்கார்டு போல எழுதியிருந்தாள். பாப்பா சத்தமாகப் படித்தாள்.

"நோக்கம்: மற்றவர்கள் செய்யும் சோதனைக்கு இருபத்திரண்டு வருடம் எல்லாம் எடுத்து வைத்தவள், ஒரு சோதனையைத் தானே ஆரம்பித்துத் தானே முடித்துப் பார்ப்பது. தேவையான பொருட்கள்: பி.எஸ்சி. பட்டம் ஒன்று, இருபத்து நாலு வருடம் பழையது, மூடி சரியாகத் திறக்கப்படவில்லை. செய்முறை: மாலை ஆறு முதல் ஒன்பது வரை வகுப்பில் உட்காருதல். காணல்: மூன்றாம் வருடப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் எனக்குப் பதில் தெரிகிறது. சில சமயம் தெரிவதில்லை. தெரியாத அன்றைக்குத் தூக்கம் வருவதில்லை. முடிவு..."

பாப்பா நிமிர்ந்தாள். "முடிவு காலியா இருக்கே?"

"செஞ்சு பார்க்காம முடிவு எழுதறது திருட்டுத்தனம். எத்தனை பசங்களைப் பிடிச்சுக் குடுத்திருக்கேன், நானே எழுதுவேனா?"

பாப்பா ஃபைலை மூடிவிட்டு அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் கண் கலங்கியது. அமிலப் புகை என்று சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

ஆனால் கவர் விஷயத்தைச் சொன்னதும் மகளின் முகம் மாறியது. "மணி ஒண்ணரை. மேடம் மூணுக்குக் கிளம்பறாங்க. போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

"எனக்குன்னு சொல்லு. எங்க, ஒருதடவை சொல்லிக் காட்டு."

"மேடம், அந்தக் கடிதம் வந்து... நம்ம வீட்டுல..."

"வீட்டை விடும்மா. எனக்கு."

"மேடம், உங்களுக்குச் சிரமமில்லேன்னா, வீட்டுல பொண்ணுக்கு இல்லாம மத்தவங்களுக்கு..."

"ம்மா!"

*

மேடம் முதல்வர் அறையில் கூட்டத்தில் இருந்தார். இரண்டரை ஆகியும் கதவு திறக்கவில்லை. அம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது, மகளுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு லேப் அக்கா வராந்தாவுக்கு வந்தாள். லிஃப்ட் கதவு திறந்திருக்க, பெட்டி ஒரு மாடி கீழே நிற்க, அதன் கூரைமேல் அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். தலையும் தோளும் மட்டும்தான் தரைக்கு மேலே தெரிந்தன. கையில் ஸ்பானர். குறுக்கே 'வேலை நடக்கிறது' என்ற மஞ்சள் பலகை.

"வந்துட்டியா? இதோ, முடிஞ்சது. கடைசி போல்ட்டு. பலகையை எடுத்துட வேண்டியதுதான்" என்றார். "பாப்பாவோட கடிதம் வாங்கியாச்சா?"

முதலில் இவரிடம் சொல்லிப் பார்ப்போம், இவர் சிரித்தால் மேடத்திடம் போகவே வேண்டாம் என்று லேப் அக்கா நினைத்தாள். பலகைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னங்க, அந்தக் கையேடு..."

"ம்?"

"அது பாப்பாவுக்கு இல்லை. எனக்கு."

"எனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்குத்தான். நான்தான் படிக்கப் போறேன். எம்.எஸ்சி."

ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விழுந்து, டங், டங், டங் என்று மூன்று மாடிக்கும் சேதி சொல்லிக்கொண்டே அடிப்பள்ளம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மெக்கானிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்தார். லேப் அக்கா மஞ்சள் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை" என்றார். ஆனால் வாயெல்லாம் பல்லாக இருந்தது. "கல்யாணமான புதுசுல ஒரு பெட்டி நிறையப் புஸ்தகம் கொண்டு வந்தே. அதை நான்தானே பரண்மேல ஏத்தினேன்? 'அப்புறம் எடுத்துக்கலாம்'னு சொன்னே. நானும் சரின்னு விட்டுட்டேன். ஒருநாளாவது நான் கேட்டிருக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"இன்னிக்கே இறக்கறேன்." சட்டென்று அவருக்கு ஒன்று உறைத்தது. "அப்ப நான் தெருவுல சொன்னதெல்லாம்?"

"தப்பு."

"பரவால்லை. மறுபடியும் போய்ச் சொல்றேன்."

அதற்குள் மேடம் சின்னச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "லிஃப்ட் ரெடியா? எனக்கு நேரமாச்சு."

"ஸ்பானர் பள்ளத்துல விழுந்துடுச்சு மேடம். அதை எடுக்காம பெட்டியை நகர்த்தக்கூடாது. அது சட்டம்" என்றார் மெக்கானிக். அது சத்தியமான வார்த்தை. பிறகு மனைவியின் முகத்தையும், அவள் கையில் இருந்த கவரையும், பின்னால் நின்று ஜாடை காட்டிக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார். "இருபது நிமிஷம் ஆகும்" என்று சேர்த்துக்கொண்டார். அது மட்டும் கொஞ்சம் கூடுதல்.

மேடத்தின் முழங்கால் படிக்கட்டோடு பேச்சு வார்த்தையை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. பெருமூச்சு விட்டு லேபுக்குள் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

லேப் அக்கா கவரை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், நான் அன்னிக்கு உங்ககிட்டே சரியாச் சொல்லலை. வீட்டுல ஒருத்தர்னு சொன்னேன். அந்த ஒருத்தர் நான்தான். இந்தக் கடிதம் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டாள். பியூரெட்டுகளை எண்ணுவதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாப்பா பத்தி ரெண்டு பக்கம் எழுத நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா? வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்த்த பொண்ணு. யோசிச்சு யோசிச்சு எழுதினேன். உங்களைப் பத்தின்னா நான் பேனாவை மூடவே வேண்டாமே அக்கா! இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"கூச்சமா இருந்தது மேடம்."

"கூச்சமா? ஒரு தடவை நாலு நாளா முப்பத்திரண்டு பசங்களுக்கும் தப்பு ரீடிங். நான் பசங்களைத் திட்டிட்டிருக்கேன். நீங்கதான் பேசாம டிஸ்டில்ட் வாட்டரை எடுத்து, அதுல ரெண்டு துளி சில்வர் நைட்ரேட் விட்டு, வெள்ளையாத் திரிஞ்சதை என் மூக்குக்கு நேரா நீட்டினீங்க. சுத்தத் தண்ணின்னா அப்படித் திரியாது. யாரோ கேன்ல குழாய்த் தண்ணி பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சது யாரு? டாக்டர் பட்டம் வாங்கின நானா?"

மேடம் பையிலிருந்து கல்லூரித் தாளை எடுத்தார். அந்த லேப் மேஜைமேலேயே எழுத ஆரம்பித்தார். அமிலக் கறையும் மாணவர்கள் கீறின கீறலும் நிறைந்த மேஜை. பேனா எங்கேயும் நிற்கவில்லை. ஒரு பக்கம், பின்பக்கம், இன்னொரு தாள். கீழே மெக்கானிக் பள்ளத்தில் எதையோ தட்டிக்கொண்டேயிருந்தார். ஸ்பானர் கிடைத்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

புதுக் கவரை ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போட்டு நீட்டினார் மேடம். லேப் அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வதற்குப் பதில், மேடத்தின் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

"இந்தப் பழசு?" என்று பாப்பா முதல் கவரைத் தொட்டாள்.

"அது உன்னைப் பத்திதான். பிரிச்சுப் படி, வெச்சுக்கோ" என்றார் மேடம். "பன்னிரண்டு வயசுல இந்த லேப்ல ஆடிட்டிருந்த ஸ்டூலையெல்லாம் நீ ஒருத்தியே உட்கார்ந்து கழட்டி முடுக்கினியே, அதைக்கூட எழுதியிருக்கேன். எங்கயாவது உதவும்."

பாப்பா அதைப் பத்திரமாகப் பையில் வைத்தாள். நாளைக் காலை பத்து மணிக்கே உதவும் என்று அவள் சொல்லவில்லை.

கிளம்பும்போது மேடம் திரும்பினார். "ஸ்டூடண்ட் ஆயிட்டா உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"அக்காவே இருக்கட்டும் மேடம்."

*

மணி நாலு நாற்பதுக்குக் கம்பெனி வேன் பல்கலைக்கழக வாசலில் நின்றது. வழி நெடுக மெக்கானிக் ஒவ்வொரு சிக்னலையும் தன் சொந்த விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார்.

சேர்க்கைப் பிரிவு கவுண்டரில் கடைசி ஆளாக இவர்கள் மூன்று பேர். குமாஸ்தா பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். ஃபைலை வாங்கி, கவரை ஒட்டின இடத்தைச் சரிபார்த்து, நிமிராமலே ஒரு பேரேட்டைத் திருப்பினார்.

"இங்க ஸ்டூடண்ட் கையெழுத்துப் போடணும்" என்று பேனாவைப் பாப்பாவிடம் நீட்டினார்.

பாப்பா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மெக்கானிக் வாயைத் திறக்கப் போனார். மகள் அவர் காலை மிதித்தாள்.

லேப் அக்கா பேனாவை வாங்கினாள். "ஸ்டூடண்ட் நான்தான் சார்."

இந்தத் தடவை வார்த்தை தொண்டையோடு நின்றுவிடவில்லை. தன் குரல் தனக்கே பிடித்திருந்தது.

குமாஸ்தா அப்போதுதான் நிமிர்ந்தார். புகைப்படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "முடிவுன்னு போட்டு ஒண்ணும் எழுதலையேம்மா?"

"அது ரெண்டு வருஷம் கழிச்சுதான் எழுத முடியும் சார்."

அவர் உதட்டோரம் லேசாக மலர்ந்தது. டப்பென்று முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "நேர்முகத் தேர்வுக்கு அடுத்த மாசம் கூப்பிடுவாங்க. சீக்கிரம் வந்துடுங்க, எங்க லிஃப்ட் அடிக்கடி நின்னுடும்."

"எந்தக் கம்பெனி லிஃப்ட்?" என்று மெக்கானிக் கேட்பதற்குள் இருவரும் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வேனில் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் பாப்பா, ஓரத்தில் லேப் அக்கா. அவள் ரசீதைக் கைப்பைக்குள் வைப்பாள், மறுபடி எடுத்துப் பார்ப்பாள். வீட்டுக்குப் போனதும் அதற்கென்று ஒரு டப்பா வைத்து லேபிள் ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். யார் நிரப்பியது என்ற இடத்தில் தன் பெயரை எழுத வேண்டும்.

"டெய்லர்கிட்டே முதல்ல சொல்லணும்" என்றார் மெக்கானிக். "பொண்டாட்டி இந்த வருஷம், பொண்ணு அடுத்த வருஷம். வீட்டுல ரெண்டு எம்.எஸ்சி.! என்ன பாப்பா?"

பாப்பா ஜன்னலைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஓர் அதிர்ச்சி போதும் என்று அம்மாவும் மகளும் மாடிப்படியிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வேனின் டேஷ்போர்டில் கிடந்த போன் அடித்தது. மெக்கானிக் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். கம்பெனி சூப்பர்வைசர்.

"மாஸ்டர், ஒரு சின்ன சந்தேகம். நாளைக்கு டிரெய்னி இன்டர்வியூ லிஸ்ட் பார்த்துட்டிருக்கேன். பதினாலாவதா ஒரு பொண்ணு இருக்கா. அட்ரஸ் உங்க வீட்டு அட்ரஸா இருக்கே? மாடியில யாராவது குடியிருக்காங்களா?"

"எங்க வீட்டுக்கு மாடியே கிடையாதே சார்!" என்று மெக்கானிக் சிரித்தார்.

"அப்படின்னா உங்க வீட்டுல ஒருத்தராத்தான் இருக்கணும்."

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. லேப் அக்கா சேலைக்கு அடியில் மகளின் கையைத் தேடிப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். வீட்டை விடு, நான்தான்னு சொல்லு என்று அர்த்தம்.

"அப்பா" என்றாள் பாப்பா. "அது நான்தான்ப்பா."

வேன் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. மெக்கானிக் ஸ்டீயரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். ஸ்பானருக்காகப் பள்ளத்தைத் துழாவிய கிரீஸ் அதில் இன்னும் ஈரமாக இருந்தது. பிறகு அவர் மெதுவாகத் திரும்பி, மகளின் கைகளைப் பார்த்தார்.